ரீபாவுக்கு அடித்த பிளக்ஸ்

எஸ்றாவுக்குப் பாளையங்கோட்டையில் பிளக்ஸ் அடிக்கிற கடை. பெரியப்பா மகன் பாக்கியசீலன் வாத்தியாரின் மகள் ரீபா அமெரிக்காவுக்குப் படிக்கப் போன நாளிலிருந்து மனுஷனுக்கு வயிற்றெரிச்சல். சோடா குடித்து அடங்குகிற எரிச்சலா அது? அவர் மகள் டெபோராவும் ரீபாவுக்குக் குறையாத மார்க்தான் வாங்கினாள். விசா மட்டும் ரெண்டு தடவையும் இல்லையென்று ஆகிவிட்டது. இப்போது அப்பா கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கண்டவன் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் படம் ஒட்டுகிறாள். ரீபாவை வழியனுப்புகிற பிளக்ஸும் அவள் கையால்தான் ஆனது. அந்தச் சிரித்த மூஞ்சியை மிஷின் வெளியே தள்ளியபோது எஸ்றா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த வருஷம் கிறிஸ்தவக் கோயிலில் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற அசன விருந்துக்கு முந்தின வாரம் வாத்தியார் போனை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏலே எஸ்றா, எம்புள்ளயப் பாத்தியா? அங்க காலேஜ்ல போராட்டம். முன்னால அட்டையப் பிடிச்சிட்டு நிக்கா பாரு! இத வச்சி அசனத்துக்கு ஒரு வாழ்த்து அடி. அவா பேரு, காலேஜ் பேரு எல்லாம் கொட்டை எழுத்துல போடு."

டெபோரா அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். "வேண்டாம்ப்பா. வெளிநாட்லேந்து படிக்கப் போன பிள்ளைங்க அங்க போராட்டத்துல நின்னா விசாவுக்கே ஆபத்தா முடியலாம். இத எவனாவது நெட்ல போட்டா அவா படிப்பே போச்சு."

எஸ்றாவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. போகட்டுமே! அவளும் வந்து இங்கன உட்காரட்டுமே! "நமக்கென்னட்டி? அவரு கேட்டத அடிச்சிக் குடு."

"அவா திரும்பி வந்துட்டா, எனக்கு விசா தந்திருவாங்களாப்பா?"

சுருக்கென்று தைத்தது. வெளியே வந்து, "அண்ணே, இது வேண்டாம். பிள்ளைக்கு விசா சிக்கலாயிரும்" என்றார்.

வாத்தியார் சிரித்தார். "அவா போனதுலேந்து உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தாம்லே இருக்கேன். எம்புள்ள பேரு ஊருக்குள்ள தெரியக்கூடாது உனக்கு. ஊர்ல கடை இது ஒண்ணுதானா?" நடையைக் கட்டிவிட்டார்.

அசனத்தன்று கோயில் வாசலில், வேறு கடையில் அடித்த பிளக்ஸில் ரீபா அட்டையும் பேருமாகப் பத்தடி உயரத்துக்கு நின்றாள். சாப்பிட வந்த இளவட்டங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். டெபோரா ஓடிவந்து போனை எஸ்றாவின் காதில் வைத்தாள். ரீபா அழுதுகொண்டிருந்தாள்.

"சித்தப்பா, யாரோ ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காவ. அப்பா போன எடுக்கல. அதக் கழத்திருங்க சித்தப்பா!"

எஸ்றா ஸ்டூலைப் போட்டு ஏறிக் கயிற்றை அறுத்தார்.

"பாத்தீங்களாவே! பொறாமையில எம்புள்ள படத்த அறுக்கான்!" வாத்தியார் குழம்புக் கையோடு ஓடிவந்தார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

பொறாமைதான், எஸ்றாவுக்கே தெரியும். அழுதாலும் அமெரிக்காவில் இருந்துகொண்டுதானே அழுகிறாள் என்று அவருக்கு அப்போதும் எரிந்தது. ஸ்டூலை நகர்த்திப் போட்டு அடுத்த கயிற்றையும் அறுத்தார்.