எலும்பில் நின்ற அம்பு

வெர்னா டோல்லெஃப்சன் முப்பத்தோரு வருஷமாக மொன்டானா மலையடிவாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எந்தப் பனியிலும் வண்டியைச் சறுக்க விட்டதில்லை. பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது.

அவள் கேட்ட காட்டில் ஆண் எல்க் மானை வில்லால் வேட்டையாடும் அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். பத்தொன்பது வருஷம் எழுதிப் போட்டாள். கிடைத்தது எப்போது? வலது தோளில் தசை கிழிந்து தையல் போட்ட வருஷம். இந்த ஒரு முறை போய் வா, அப்புறம் வில்லைத் தொடாதே என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தோள் தாங்குவதற்காக, இழுக்க அறுபது பவுண்டு பலம் கேட்கும் வில்லை நாற்பத்தைந்துக்குத் தளர்த்தினாள். பழைய கனத்த அம்பு இப்போது மெதுவாகப் போயிற்று. நாற்பது கஜத்தில் தூரத்தை இரண்டே கஜம் தப்பாகக் கணித்தாலும் ஒரு சாண் கீழே இறங்கியது. அவளுக்கு அவமானமாக இருந்தது. எடை குறைந்த அம்பை வாங்கினாள். விர்ரென்று போய் நினைத்த இடத்தில் தைத்தது.

வில்லின் பலம் குறைந்தால் அம்புக்குக் கனம் வேண்டும், கனம் இருந்தால்தான் எலும்பைத் துளைக்கும், வேகத்தை நம்பாதே, பக்கத்தில் போய் எய் என்று தம்பி ஓரின் தலைபாடாய் அடித்துக்கொண்டான்.

"உன் அம்பு போய்ச் சேர்றதுக்குள்ள மான் காபி குடிச்சிட்டுக் கிளம்பிடும்டா" என்றாள் வெர்னா.

செப்டம்பரில், ஓரின் பெட்டை மான்போலக் குரல் கொடுக்க, ஆண் மான் பதினெட்டே கஜத்தில் வந்து நின்றது. அந்தத் தூரத்துக்கு வேகமே தேவையில்லை. அவள் நாணை விட்ட கணம் அது ஓரடி பின்வாங்கியது. அம்பு தோள் எலும்பில் பட்டு, நாலு விரற்கடை இறங்கி நின்றுவிட்டது. தொங்கும் அம்போடு மான் ஓடியது.

இரண்டு நாள் ரத்தத் துளிகளைத் தேடி முழங்காலில் ஊர்ந்தார்கள். மூன்றாம் நாள் காலை, பள்ளத்துக்கு அப்பால் முன்னங்காலை ஊன்ற முடியாமல் அது நின்றதைத் தொலைநோக்கியில் பார்த்தாள். மேலே மரத்தில் அண்டங்காக்கைகள் காத்திருந்தன. இறங்கி ஏறிப் போய்ச் சேர மதியமாயிற்று. அங்கே நசுங்கிய புல்தான் இருந்தது.

ரத்தம் பார்த்தால், மான் கைக்குக் கிடைக்காவிட்டாலும், சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி அந்த வருஷ வேட்டையை முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கூடாரத்து வழக்கம். சட்டம் அப்படிக் கேட்பதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன் காயம்பட்ட பெட்டை ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்த ஓரினை நிற்கவைத்துச் சீட்டை வெட்டச் சொன்னவள் வெர்னாதான்.

அவள் கத்தியை எடுத்ததும் ஓரின் தன் படுக்கைச் சுருளைப் பிரித்தான். உள்ளே மூன்று கனத்த அம்புகள், அவளுடையவையே.

"இன்னும் நாலு நாள் இருக்கு. யாரும் பார்க்கல, வெர்னா. இதை வச்சுக்கோ."

"கொண்டு வந்தியே, அன்னைக்கே ஏன்டா தரல?"

"தந்தா வாங்கியிருப்பியா?"

முழங்கால்மேல் சீட்டை வைத்து மாதத்தை வெட்டினாள், தேதியை வெட்டினாள். பத்தொன்பது வருஷம் போனது போகட்டும். வாயில்லாத அந்த ஜீவன் எந்தப் புதரில் கிடந்து உயிரை விடப் போகிறதோ என்றுதான் வயிறு எரிந்தது. தையல் போட்ட அந்தத் தோள் மட்டும் கொஞ்சமும் வலிக்கவில்லை.