நீன்கே வீட்டு ஜன்னலும் யெல்மர் எடுத்த படமும்

எட்டிப் பார்க்கிறவன் என்று மட்டும் அவனைச் சொல்லாதீர்கள். ட்ரைன் சொல்கிறாள் என்றால் அவள் ரொட்டிக் கடைக்காரி, கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு நாள் முழுக்கப் பேச அவளுக்கு ஏதாவது வேண்டும். ஊரைவிட்டு ஓடினானாம், நீன்கேயின் அண்ணன் சட்டையைப் பிடித்துத் துரத்தினானாம். நீன்கேவுக்கு அண்ணனே கிடையாது. யெல்மர் குடியிருந்தது என் வீட்டு மாடியில். அவன் போனது என் அடுப்படி வழியாக. நான் அங்கே இருந்தேன், ட்ரைன் இல்லை.

யெல்மர் டெர்ப்ஸ்ட்ரா எங்கள் ஊர் வாரப் பத்திரிகையின் நிருபர். நிருபர் என்று இருந்ததே அவன் ஒருவன்தான். நகரசபைக் கூட்டம், மாட்டுக் கண்காட்சி, கால்வாயில் விழுந்த டிராக்டர், ஐம்பதாவது கல்யாண நாள், எல்லாவற்றுக்கும் அவன்தான் போக வேண்டும். படமும் அவனே எடுக்க வேண்டும். அதற்கென்று ஆபீஸில் ஒரு கேமரா கொடுத்திருந்தார்கள், செங்கல் கனம். எனக்குப் படிக்கத் தெரியாது. படகில் பிறந்தவள் நான். அப்பாவின் சரக்குப் படகு ஓரிடத்தில் நிற்காது, பள்ளிக்கூடம் இடத்தைவிட்டு நகராது. அதனால் பத்திரிகை வந்தால் எனக்குப் படம் மட்டும்தான். வாராவாரம் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பேர் கை குலுக்கியபடி நேரே நம்மைப் பார்த்து நிற்பார்கள். பக்கத்தில் கோப்பை இருந்தால் மாட்டுப் பரிசு. கேக் இருந்தால் கல்யாண நாள். இரண்டும் இல்லையென்றால் மேயர். இப்படி நான் சொன்னால் யெல்மர் சிரிப்பான்.

அது சம்பளத்துக்குச் செய்த வேலை, அதைப் பற்றி அவன் குறை சொன்னதில்லை. ஆனால் கோட்டுப் பையில் இன்னொரு சின்ன கேமரா வைத்திருந்தான். சந்தையில் பழையதாக வாங்கியது, தோல் பை கிழிந்து நூல் தொங்கும். அதில் அவன் எடுத்ததெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் போட முடியாத படங்கள். மழைக்கு சைக்கிள் சீட்டின்மேல் கட்டிவைத்த பிளாஸ்டிக் பை. வேலிக் கம்பில் யாரோ காயவைத்த ரப்பர் கையுறை, ஆள் ஒருவர் கை தூக்கி நிற்கிற மாதிரி. கொடியில் என் உள்பாவாடை. அதற்கு நான் திட்டினேன், வேறு விஷயம்.

என் சலவை அறை ஜன்னலில் கம்பளியை அடித்து, இருட்டாக்கி, அங்கேயேதான் படங்களைக் கழுவுவான். திடீரென்று உள்ளிருந்து சத்தம் வரும்.

"அத்தை! வாங்க, சீக்கிரம் வாங்க!"

"என்னடா, தீப்பிடிச்சுதா?"

"இதைப் பாருங்க."

"பார்த்தேன். வாளி."

"வாளிதான்!" ஈரப் படத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு அவன் சிரிப்பதைப் பார்க்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கும்.

"நம்ம வாளிடா. வெளியே போனா நிஜ வாளியே இருக்கு. இதுல என்ன இருக்கு?"

"தெரியலையே அத்தை. ஆனா நல்லா இருக்குல்ல?"

நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. வெளியே போய் வாளியைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து படத்தைப் பார்த்தால் மறுபடியும் நன்றாக இருந்தது.

அந்த வருஷம் அவனுக்கு ஜன்னல்மேல் ஆசை வந்தது. எங்கள் தெருவில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை, விளக்குப் போட்ட பிறகும்தான். மூடினால் உள்ளே என்னவோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்காகத் திறந்த ஜன்னலை யாரும் பார்த்துக்கொண்டு போவதும் கிடையாது. நேரே பார்த்து நடக்க வேண்டும். கண்ணில் படுவது படும், அதைச் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் குழந்தைக்கு நடை பழகும்போதே இதுவும் பழகிவிடும். யெல்மருக்கும் பழக்கம்தான், இதே ஊரில் பிறந்தவன். அவன் ஆட்களை எடுக்கவும் இல்லை. ஜன்னல் திண்டில் ஒரே அளவில் இரண்டு பூந்தொட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்த இரண்டு பீங்கான் நாய், ஒரு மூலையில் தூங்கும் பூனை, இவ்வளவுதான்.

கோடை வந்தது. நகரசபை விடுமுறை, பள்ளிக்கூடம் விடுமுறை, பால் பண்ணைச் சங்கம்கூடச் சண்டை போடவில்லை. செய்தியே இல்லாத அந்த வாரங்களை எங்கள் பக்கம் வெள்ளரிக்காய்க் காலம் என்பார்கள். பத்திரிகை ஆசிரியர் ரின்ஸ்மா வியர்த்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"யெல்மர், முதல் பக்கத்துல இவ்வளவு பெரிய ஓட்டை இருக்கு. ஏதாவது குடு."

"ஒண்ணும் இல்லையே ஐயா. யாரும் கை குலுக்கல."

ரின்ஸ்மா சலவை அறைக்குள் தலையை நீட்டினார். கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த படங்களில் ஒன்றைத் துணிக் கிளிப்போடு சேர்த்து உருவிக்கொண்டார். "இது போதும்."

"அது சும்மா எனக்காக எடுத்தது ஐயா."

"அதனால என்ன? பூ இருக்கு, கோடைக்குப் பொருத்தமா இருக்கு."

யெல்மர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தேன், காது மடல்வரைக்கும் சந்தோஷம். தான் ஆசைப்பட்டு எடுத்த படம் ஒன்று அச்சில் வரப்போகிறது. யாருக்குத்தான் வேண்டாம் என்று வரும்?

அது நீன்கே வீட்டு ஜன்னல். அவள் தையல் சொல்லிக்கொடுக்கிறவள், கல்யாணம் ஆகாதவள், பழைய திருச்சபையைச் சேர்ந்தவள். படத்தில் இரண்டு ஜெரேனியம் தொட்டி. அவற்றுக்கு நடுவே உள்ளே ஒரு மேசை, மேசைமேல் இரண்டு காப்பிக் கோப்பை, பக்கத்தில் ஒரு ஆம்பிளைத் தொப்பி.

அந்தத் தொப்பி சீட்சேயுடையது. கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலை அவருக்கு. மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அவர் புதிய சபைக்காரர். எங்கள் ஊரில் பழைய சபைக்காரரும் புதிய சபைக்காரரும் ரொட்டிகூட ஒரே கடையில் வாங்க மாட்டார்கள், கல்யாணம் எங்கே பண்ணுவது? சீட்சே நீன்கே வீட்டில் காப்பி குடிக்கிறார் என்பது பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் ஜன்னலில் பார்ப்பதில்லை. அதனால் யாருக்கும் தெரியாது.

பத்திரிகை வந்த அன்று நான் ரொட்டிக் கடைக்குப் போனேன். ட்ரைன் பத்திரிகையைக் கல்லாமேல் விரித்து வைத்திருந்தாள்.

"பார்த்தியா ஹிஸ்கே, உன் மாடிக்காரன் பண்ணின வேலைய?"

"ஜெரேனியம் நல்லா பூத்திருக்கு."

"ஜெரேனியமா! தொப்பியப் பாருடி."

"எந்தத் தொப்பி?"

"சீட்சேயோட தொப்பி!"

"அது சீட்சே தொப்பின்னு உனக்கு எப்படித் தெரியும்? நீதான் யார் வீட்டு ஜன்னல்லயும் பார்க்கிறதே இல்லையே."

கடையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ட்ரைன் முகம் சிவந்துபோனது. "நான் ஏன் பார்க்கப்போறேன்? பார்த்தது அவன்! எட்டிப் பார்க்கிற பய!"

அந்தப் பேர் அங்கே பிறந்ததுதான். நீன்கேயை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சீட்சேயையும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை எல்லாரும் பார்க்கும்படி செய்துவிட்டான் என்று பழியெல்லாம் யெல்மர் தலையில் விழுந்தது.

அவன் உடனே மன்னிப்புக் கேட்கக் கிளம்பினான். போனவன் குழம்பிப்போய்த் திரும்பி வந்தான்.

"என்னடா சொன்னா நீன்கே?"

"அது அவங்க அப்பா தொப்பியாம்."

"அவ அப்பா தொப்பியே போட்டதில்ல. சீட்சே என்ன சொன்னாரு?"

"பாலத்துல நிக்கிறாரு, வெறுந்தலையோட. காத்து என்ன அடி அடிக்குது, காது ரெண்டும் பீட்ரூட் மாதிரி. 'தொப்பியா? நான் தொப்பி போடறதே இல்லையேப்பா'ங்கறாரு. ரெண்டு பேருக்கும் கோபமே இல்ல அத்தை. ஆனா மன்னிப்புக் கேட்கவும் விட மாட்டேங்கறாங்க. இப்ப நான் என்ன பண்ணணும்?"

பட்டாணி சூப்பை ஊற்றி வைத்தேன். சீட்சே அதற்குப் பிறகும் காப்பிக்குப் போனாரா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஜன்னலில் பார்க்கிறவள் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஊர் இப்போது வேறு விதமாக ஆகிவிட்டது. யெல்மருக்குப் பயந்து திரையை மூடலாம் என்றால், மூடியவர் வீட்டில் என்ன தொப்பி இருக்கிறதோ என்று பேச்சு வரும். ஆகவே ஒருவரும் மூடவில்லை. மூடாமல் என்ன செய்தார்கள் தெரியுமா? அலங்காரம் செய்தார்கள். மேசைக்கு ஈஸ்டர் விரிப்பு வந்தது. வெள்ளிக் காப்பிக் குடம் வெளியே வந்தது. துணி தேய்த்துக்கொண்டிருந்தவள் இஸ்திரிப் பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, படிக்காத வேதாகமத்தைத் திறந்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் மெழுகு பொம்மைகள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

அடுத்த முறை கடைக்குப் போனபோது ட்ரைன் வேறு பாட்டுப் பாடினாள்.

"எங்க ஜன்னல் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு ஹிஸ்கே? நேத்து இந்த வழியாத்தான் போனான். திரும்பிக்கூடப் பார்க்கல."

"எட்டிப் பார்க்கிற பயன்னு நீதானே சொன்ன?"

"எட்டிப் பார்க்கிறவன்னா எல்லார் வீட்லயும்தான் பார்க்கணும்! எங்க வீடு என்ன மட்டமா?"

சர்க்கரை ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரின்ஸ்மாவுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு வாரப் பத்திரிகை முழுவதும் விற்றுத் தீர்ந்தது அவர் காலத்தில் அதுதான் முதல் தடவை. 'வாரம் ஒரு ஜன்னல்' என்று போடப்போவதாக அறிவித்துவிட்டார். யெல்மர் வெள்ளந்தியாகச் சில வீடுகளுக்குப் போய் எடுத்து வந்தான். சலவை அறையிலிருந்து சத்தமே வரவில்லை. நானாகத்தான் கதவைத் தட்டினேன். ஒரு படத்தை என்னிடம் நீட்டினான். ஜன்னலுக்குப் பின்னால் கணவனும் மனைவியும் அருகருகே நின்று நேரே பார்க்கிறார்கள்.

"இது யாருன்னு சொல்லுங்க அத்தை."

"பல் டாக்டரும் அவர் பெண்டாட்டியும்."

"இல்ல. மேயர்."

"மேயர் இவ்வளவு ஒல்லியாடா?" என்றேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது, படத்தில் கோப்பையும் இல்லை, கேக்கும் இல்லை. ஆனால் அவன் சிரிக்கவில்லை, அதனால் நானும் சிரிக்கவில்லை.

ஜன்னலை விட்டுவிட்டு மற்றதை எடு என்று நான்தான் சொன்னேன். போனான். வேலிக் கம்பில் புதுக் கையுறை மாட்டியிருந்தது, கடை விலைச்சீட்டோடு. சைக்கிள்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவன் கை கோட்டுப் பைக்குப் போனாலே தெருவில் போகிறவர்கள் நின்று தலையை வாரிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு, கரண்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"எதை எடுக்கப்போனாலும் அது என்னையே பார்க்குது அத்தை."

"பார்த்தா பார்த்துட்டுப் போகட்டுமே."

"முன்னெல்லாம் எதுவும் என்னைப் பார்க்காது. அதுதான் எனக்குப் பிடிச்சுது போல இருக்கு. இப்ப வெளியே போகவே பிடிக்கல."

சின்ன கேமராவை மேசை இழுப்பறையில் போட்டு மூடினான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்கு வருவதும் போவதும் யாரோ வாடகைக்காரன் வருவதும் போவதும் போல இருந்தது. அவன் வாடகைக்காரன்தான், எனக்கு அது மறந்துபோயிருந்தது.

ரின்ஸ்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை வியர்க்கவில்லை. "ஜன்னல் வேணும் யெல்மர். ஜனங்க கேட்கிறாங்க. முடியாதுன்னா முடியற ஆளை நான் தேடிக்கறேன்."

"கூட்டம் எழுதறேன் ஐயா, மாடு எழுதறேன், ஆபீஸ் கேமராவுல யார் கை குலுக்கினாலும் எடுக்கறேன். இது மட்டும் வேண்டாம். எடுத்து எடுத்து எனக்கு அதுல இருக்கிற ருசியே போயிடும்."

"ருசியா? பத்திரிகை நடத்தறோம்ப்பா, சமையலா பண்றோம்?"

அவர் போன பிறகு யெல்மர் மாடிக்குப் போய் இரண்டு சட்டையை மடித்தான். சத்தம் கீழே கேட்டது. இறங்கி வந்து, "கிளம்பறேன் அத்தை," என்றான்.

"எங்கே?"

"என் பாக்கெட்டுல என்ன இருக்குன்னு தெரியாத ஊருக்கு."

"வேலை?"

"பார்க்கணும்."

"அங்கெல்லாம் ஜனங்க ஜன்னலை மூடி வெச்சிருந்தா?"

"வாளி இருக்கும்ல."

நான் விடவில்லை. நான் பிடித்த பிடியை விடாதவள் என்று ஊருக்கே தெரியும். ரின்ஸ்மாவிடம் நான் பேசுகிறேன் என்றேன், ட்ரைன் வாயை நான் அடைக்கிறேன் என்றேன், வாடகையைப் பற்றி நினைக்காதே என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். சரி, மனசு மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்ததும் பையோடு அடுப்படிக்கு வந்து நின்றான். நான் கஞ்சிக்குப் பால் வைத்திருந்தேன். கையில் அந்தச் சின்ன கேமரா. எப்போது இழுப்பறையிலிருந்து எடுத்தானோ.

"அத்தை, உங்களை ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

என்னை அவன் எடுத்ததே இல்லை. ஏப்ரனைக் கழற்றினேன், தலையைத் தடவிக்கொண்டேன், நாற்காலி முதுகில் ஒரு கையை வைத்து நேராக நின்றேன். அவன் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினான், பிறகு இறக்கினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. மூச்சு விடுங்க."

"விட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கொஞ்சம் சாதாரணமா..."

"சாதாரணமாத்தான் நிக்கிறேன்! படம் எடுக்கறப்ப நேரா நிக்காம பின்ன கோணலாவா நிப்பாங்க? எடு சீக்கிரம், பால் வெச்சிருக்கேன்."

அவன் மறுபடி உயர்த்தினான், மறுபடி இறக்கினான். அவன் முகம் விழுந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் பிடிபடவில்லை, இன்றுவரைக்கும் பிடிபடவில்லை.

அப்போது பால் பொங்கியது. நான் கத்திக்கொண்டு அடுப்புக்கு ஓடினேன். துணி கிடைக்கவில்லை, பாவாடையாலேயே பாத்திரத்தைப் பிடித்தேன், விரல் சுட்டது. பாலையும் அடுப்பையும் விடியற்காலையில் படம் எடுக்கிற பயல்களையும் சேர்த்துத் திட்டினேன். எனக்குப் பின்னால் கிளிக் என்று ஒரு சத்தம்.

பாத்திரத்தை இறக்கிவிட்டுத் திரும்பினேன். கதவு திறந்து கிடந்தது. அவன் முற்றத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். பை ஒரு தோளில். மறு தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"டேய்! எதைடா எடுத்த?"

திரும்பாமலேயே கையை மட்டும் தூக்கி ஆட்டிவிட்டு, கேட்டைத் திறந்து போனான்.