மெயின் சுவிட்சும் என் டிக்கும்

வேலையில் என்னைப்போலச் சுத்தக்காரன் மலேசியாவின் கோல சிலாங்கூரிலேயே கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில், எல்லா மேசைகளுக்கும் இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் சின்னக் கணினிப் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். ஒரு பக்கம் வருவதை மறுபக்கம் விடலாமா என்பதை அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் முடிவு செய்யும். பூஜ்யம் என்றால் கூடாது, ஒன்று என்றால் போகலாம். ஒன்று என்று மாற்றினேன். சரிதானா என்று கெர்னலையே கேட்டேன். ஒன்று என்றது. சோதனைத் தாளில் டிக் போட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை இணையம் இல்லை. போய்ப் பார்த்தால் பூஜ்யம். கெர்னலுக்குத் தானாக மனம் மாறாது, யாரோ கை வைத்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருபவர், அலுவலகக் கணக்கு எழுதும் கிராணி அக்கா ஒருவர்தான்.

“அக்கா, பெட்டியத் தொட்டீங்களா?”

“நான் ஏன் தம்பி தொடப்போறேன்? தூசிகூடத் தட்டல லா.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “அப்ப பேயா வந்து மாத்திச்சு?” என்று மேனேஜர் காதுபடவே கேட்டேன். மறுபடியும் ஒன்று, மறுபடியும் டிக்.

அடுத்த காலையும் பூஜ்யம். “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இவங்க ஆபீஸ்ல இருக்க வேணாம், வெயில்ல செம்பனைப் பழம் பொறுக்குற வெளிக்காட்டு வேலைக்குப் போகட்டும்” என்றார் மேனேஜர். அக்காவின் முகம் சுண்டிப்போனது.

மறுபடியும் ஒன்று போட்டுவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க அன்று மாலைவரை அங்கேயே உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு அக்கா ஜன்னல்களைச் சாத்தினார், கைப்பையை எடுத்தார், சுவரிலிருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். பெட்டியின் விளக்கு அணைந்தது.

“என்னக்கா இது?”

“சாயங்காலமானா இடி இடிக்குதில்ல? மின்னல்ல சாமானெல்லாம் போயிரும்னு எப்பவும் இறக்கிட்டுத்தான் பூட்டுவோம்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடிக்கொண்டிருந்த கெர்னலிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அணைந்து எழுந்தால் அது பழையபடி பூஜ்யத்துக்குப் போய்விடும்; எழும்போது அது படிக்கும் கோப்பில் நான் எழுதவில்லை. ஒரு தடவை அணைத்துப் பார்த்திருந்தால் போதும், அதையும் செய்யவில்லை. சுவிட்சை ஏற்றச் சொல்லி, கோப்பில் எழுதி, இரண்டு முறை அணைத்துப் போட்டேன். இரண்டு முறையும் ஒன்று. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, அக்கா முன்னாலேயே, தப்பு முழுக்க என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினார்.

“பரவால்ல லா தம்பி. வேலைன்னா தப்பு வரத்தான் செய்யும்.”

தப்பே செய்யாத அக்காவிடம் அந்த இரண்டு நாளும் அப்படி ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான்.