சொல்லிப் பழகாத தகுதி

பிள்ளைகளைப் பிறர் முன்னிலையில் புகழும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மகள் கல்லூரியில் முதலிடம் பெற்றபோது வாழ்த்த வந்தவர்களிடமும் "ஏதோ படிக்கிறாள்" என்று மட்டுமே சொன்னேன். அதை இன்றும் நான் தவறென்று கருதவில்லை. ஆயினும் அந்த வழக்கமே என்னை நடுங்கவைத்த இரண்டு நாட்கள் உண்டு.

மகள் அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர். வழக்கமான வேலை விசாவுக்கான குலுக்கலில் அவள் பெயர் விழவேயில்லை. படிப்புக்குப் பின் தங்க அனுமதித்த காலமும் முடியும் தறுவாயில், அவளுடைய நிறுவனம் அசாதாரணத் திறமை உடையோருக்கான விசாவுக்கு மனுச் செய்தது. மருத்துவமனைகளின் கணினிகள் திடீரென நின்றுபோனாலும் நோயாளிகளின் விவரங்கள் அழியாமல் காக்கும் ஒரு முறையை அவள் உருவாக்கியிருந்தாள். அவளை நேரில் கண்டிராத வல்லுநர்களும் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். மனு ஏற்கப்பட்டது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் மட்டும் பாக்கி. குழந்தையை அங்கே மருமகனிடம் விட்டுவிட்டுத் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். விசா மறுக்கப்பட்டால் குழந்தையிடம் திரும்பிப் போக வழியில்லை.

கல்லூரி முதல்வராக இருந்த காலத்தில் நான் பலரை நேர்காணல் செய்தவன். எனவே நேர்காணலுக்கு முதல் நாள் மாலை சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே அமர்ந்து, அதிகாரியின் இடத்தில் இருந்து ஆங்கிலத்தில் கேட்டேன்: உங்களிடம் அப்படி என்ன அசாதாரணம் இருக்கிறது?

பெரிதாக ஒன்றுமில்லை, குழுவில் எல்லோரும் சேர்ந்து செய்ததுதான் என்றாள். மறுபடி கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னாள்.

அப்போது மழைநீர்க் கால்வாய் விஷயமாகக் காலனிச் சங்கச் செயலாளர் வந்தார்.

"என்ன பாப்பா, லீவா? ஏதோ பெரிய ஆளுங்களுக்கு மட்டும் தர்ற விசாவாமே? காலனிக்கே பெருமை சார்!"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றேன். "இவள மாதிரி அங்க ஆயிரம் பேர்."

மகள் சிரித்தாள். "நல்லா சொன்னீங்கப்பா. நாளைக்கு ஆபீசர்கிட்டயும் இதையே சொல்லிடறேன்."

செயலாளரும் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையில் அவள் சொன்ன பதில் என்னுடையது. சிறு வயது முதல் என்னிடம் கேட்டுக் கேட்டு அவள் நாவில் ஊறியது.

அவர் போனதும், "நீ செய்ததை நீ செய்ததாகவே சொல்லம்மா" என்றேன்.

"வாய் வரலப்பா. எங்க, நீங்க ஒரு தடவ சொல்லுங்க பார்ப்போம்."

எனக்கும் வரவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் காலை ரயில் நிலையத்தில் தெரிந்தவர் ஒருவர் எதிர்ப்பட்டார். "டவுன் வரைக்கும் ஒரு வேலை" என்று நகர்ந்தேன். மறுப்பு வந்தால் அது உடனே ஊரெல்லாம் பரவ வேண்டாம் என்று நினைத்தேன்.

தூதரகத்துக்குள் அவள் மட்டுமே போகலாம், கைபேசியும் கூடாது. எதிர்ப்புற நடைபாதையில் நின்றேன். மகனின் மாணவர் விசாவுக்காக வண்டலூரிலிருந்து வந்திருந்த ஒருவர் பக்கத்தில் நின்றார்.

"பாஸ்போர்ட்ட உள்ளயே வாங்கி வச்சிகினா விசா கெடச்சாச்சு சார். கைல திருப்பிக் குட்த்து அனுப்சாங்கன்னா பேஜாரு," என்றார்.

அதன்பின் வாசலில் தோன்றிய ஒவ்வொருவரின் முகத்தையும் விட்டுவிட்டுக் கையையே பார்த்தேன். கடவுச்சீட்டைப் பிடித்தபடி ஓர் இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"உங்க பொண்ணுக்கு இன்னா விசா சார்?"

சாதாரண வேலை விசா என்பது நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. நான் இங்கே அதைக் குறைத்துச் சொன்னால் உள்ளே அவளும் குறைத்துச் சொல்லிவிடுவாள் என்று ஓர் அச்சம். படித்தவன் அஞ்சத்தக்க அச்சமல்ல அது, ஆயினும் அஞ்சினேன்.

"அசாதாரணத் திறமை இருக்கறவங்களுக்குத் தர்ற விசா," என்றேன். "என் பொண்ணுக்கு அது இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடேங்கப்பா! அப்பறம் இன்னாத்துக்கு சார் இப்டி நடுங்கிகினு கீறீங்க?"

மகள் வெளியே வந்தாள். ஆவணக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். அதனுள் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று தெரியவில்லை. முகத்திலும் ஒன்றும் புலப்படவில்லை. சாலையைக் கடந்து அவள் என்னருகே வந்தாள்.

"வச்சிக்கிட்டாங்கப்பா."

"ஆபீசர் என்ன கேட்டாரு?"

"நீங்க கேட்டதையேதான். நான்தான் செஞ்சேன்னு சொன்னேன்." சற்று நின்று, "சொல்றப்ப நீங்க பின்னாடி நின்னு முறைக்கற மாதிரியே இருந்துச்சு. ஆபீசர விட அதுக்குத்தான் பயந்தேன்," என்றாள்.

என் கால்கள் இன்னும் நடுங்கின. பொது இடத்தில் பிறர் என்னைத் தாங்குவது எனக்குப் பிடிக்காது. அவள் என் முழங்கையைப் பற்றினாள், நான் விலக்கிக்கொள்ளவில்லை.