பிறந்த வீட்டுக் கோடி

அந்த வேட்டியின் கரை பச்சை. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, மடிப்பு விழுந்த இடத்தில், கடை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. அதன் ஓரம் மட்டும் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மாவைக் கடைசியாகப் பார்த்தபோது என் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை, அந்த ஸ்டிக்கரில் போய் நின்றுவிட்டது. முகத்தைப் பார்க்கிற மாதிரியும் இல்லை. தலையை மழித்திருந்தார்கள். மூக்குத்தி இருந்த துளையைச் சந்தனம் அப்பி அடைத்திருந்தார்கள்.

அம்மா என்றால் என்னைப் பெற்றவள் அல்ல. நாங்கள் திருநங்கைகள். எங்களுக்குள் மூத்தவள் ஒருத்தி இளையவளை மகளாக எடுத்துக்கொள்வது முறை. வீட்டிலிருந்து விரட்டப்பட்டு போர்ட் கிள்ளானில் வந்து நின்ற என்னை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். பாசத்தைப் பொழிந்தாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பொல்லாத வாய் அவளுக்கு. வந்த அன்றே என்னை மேலும் கீழும் பார்த்து, "லோரி ஓட்டுறவன் மாதிரி நடக்குற. மொதல்ல நடக்கக் கத்துக்கோ, அப்புறம் சேலை கட்டலாம்" என்றாள். நான் அழுதேன். அழுகிற மூஞ்சி அதைவிட மோசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

சாயங்காலங்களில் மீன் குழம்பைச் சட்டியோடு நடுவில் வைத்துவிட்டு, அவள் எடுத்துக்கொண்ட மகள்கள் எங்கள் எல்லோரிடமும் கேள்வி கேட்பாள். சரியாகச் சொன்னவளுக்கு மீன் தலை, முழித்தவளுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத சரித்திரம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். நாம் கும்பிடும் மாதா எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள்? சேவல்மேல். கூவாகத்தில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டவள் மறுநாள் என்ன செய்ய வேண்டும்? தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி ஒப்பாரி வைக்க வேண்டும். நம்மைப் பெண்ணாக்கும் ஆபரேஷனை இந்தக் கோலாலம்பூரிலேயே ஆஸ்பத்திரியில் செய்த காலம் உண்டா? உண்டு, பிறகு நிறுத்திவிட்டார்கள். ஐசி என்கிற அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் என்ன சொல்லும்? ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். அவளுடையது ஏழில் முடிந்தது. எவ்வளவு மை தீட்டினாலும் அந்த ஏழு மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது என்று திட்டுவாள்.

கடைசிக் கேள்வி மட்டும் எப்போதும் மாறாது. பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து என்ன வர வேண்டும்? கோடிச் சேலை என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவோம். பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்யும் கடைசிச் சீர் அது. புதுச் சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். கிள்ளானில் தனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் கொண்டுவருவான் என்று அம்மா சொல்வாள். தம்பி என்கிறபோது மட்டும் அந்தப் பொல்லாத வாய் குழையும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அந்தத் தம்பியை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு மணப்பெண் அலங்காரம்தான் தொழில். கிள்ளானில் அவள் கொசுவம் வைத்துவிட்ட சேலை தாலி கட்டி முடிகிறவரை நலுங்காது என்பார்கள். தம்பி மகள் கல்யாணத்துக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் பூவும் பின்னும் எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். பெண் தயாரானதும் தம்பி வந்து, சம்பந்தி வீட்டார் வரும் நேரமாகிவிட்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அம்மா சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்த பின்வாசல் வழியாக நாங்கள் வெளியே வந்தோம். அவனுக்குச் சங்கடம் இருக்காதா என்று வழியெல்லாம் எனக்கே சமாதானம் சொன்னாள்.

அவள் படுக்கையில் விழுந்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய், அவள் ஆசைப்பட்ட அரக்கு நிறத்தில் பெரிய ஜரிகைக் கரையோடு ஒரு சேலை வாங்கி வந்தேன். அம்மா தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ வாங்குனா அது கோடி இல்லடி. பொறந்த வீட்டுலேர்ந்து வரணும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாகிற நேரத்திலும் அவளுக்கு முறை முக்கியம்.

அவள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். உடலை ரத்த சொந்தத்திடம்தான் தருவோம் என்றார்கள். என்னிடம் சொந்தம் என்று காட்ட என்ன இருக்கிறது? தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். துக்க வீட்டுக்கு நாங்களும் வரலாம் என்று சொல்லியனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை, ஆண்களைப் போலச் சிலுவாரும் சட்டையும் போட்டுக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் காறித் துப்பிவிட்டு, வர முடியாது என்று இருந்துவிட்டார்கள். நான் கூந்தலைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு போனேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. யாராவது ஒருத்தி போயிருக்க வேண்டும்.

வாசலில் கட்டியிருந்த அஞ்சலிப் படத்தில் மீசை அரும்பிய ஒரு பையன் இருந்தான். அவன் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனால் பச்சைக் கரை வேட்டியில் அம்மா. பிறந்த வீட்டிலிருந்து கோடி வரத்தான் செய்தது. அவள் சொன்னதில் அந்த மட்டில் பிசகில்லை.

வாய்க்கரிசி போட என் முறை வந்தபோது, சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போயிருந்த அரக்குச் சேலையை அவள் காலடியில், மாலைகளுக்குக் கீழே வைத்தேன். போர்த்தக்கூட இல்லை, சும்மா வைத்தேன். தம்பி பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. குனிந்து, மடிப்புக் கலையாமல் எடுத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. எங்க அண்ணனை நாங்க நல்லபடியா அனுப்பணும் லா."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கியிருந்தது அவருக்கு. உண்மையாகவே நல்லது செய்வதாக நினைத்திருந்தார், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பிறகு தூக்க ஆள் குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள், அவர்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. ஆண்களோடு ஆணாக நான் அம்மாவுக்குத் தோள் கொடுத்தேன். என் நடையைப் பார்த்திருந்தால், லோரிக்காரன் திரும்பி வந்துவிட்டான் என்றிருப்பாள்.

இப்போது அம்மா இருந்த வீட்டில் நான்தான் அம்மா. சட்டியை நடுவில் வைத்துவிட்டு நானும் கேள்வி கேட்கிறேன். பிள்ளைகள் போனைத் தட்டி எந்தெந்த நாட்டில் யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்கே பாடம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். கடைசிக் கேள்வியை மட்டும் நானும் மாற்றவில்லை. போன வாரம் புதிதாக வந்தவள் ஒருத்தி, நம்மைப் போன்றவர்களுக்கும் கோடிச் சேலை வருமா என்று கேட்டாள். மீன் தலையை அவள் தட்டில் வைத்து, சாப்பிடு என்றேன்.

அரக்குச் சேலை அலமாரியில் இருக்கிறது. அதை நான் கட்டவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பந்திங்கில் எனக்கும் ஓர் அண்ணன் இருக்கிறான். நல்லவன்தான், தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்தனுப்புகிறான். அவன் எனக்கு என்ன கரை வைத்த வேட்டி வாங்குவான் என்று சில சமயம் யோசிப்பதுண்டு. ஸ்டிக்கரையாவது உரித்துவிடுவான்.