அண்ணி மடித்து வைத்த துண்டு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அண்ணனின் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதித் தர வேண்டும் என்று அண்ணி சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. "அவனுக்கு எதற்குத்தான் நடுங்காது" என்று நீங்கள் சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. தோளில் பல்லி விழுந்தால் மற்றவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள். நான் படுக்க இடம் பார்ப்பேன். எங்கள் குடும்பத்துக்கென்று வந்த தைரியத்தை முதலில் பிறந்தவரே மொத்தமாக எடுத்துக்கொண்டு விட்டார் என்பது என் கட்சி.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். அவர் திடீரென்று மறைந்தபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு அப்பாவின் வேலைக்குப் போனார். அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. என்னைப் படிக்க வைத்தார். நான் படித்தேன் என்று சொல்ல மாட்டேன், அவர் வைத்தார்.

உருவத்தில் அண்ணன் சிறியவர். சக தொழிலாளிகளோடு நிற்கும்போது இரண்டு ஆட்களுக்கு நடுவே விட்ட இடைவெளி போலத் தெரிவார். அந்த உடம்போடுதான் குஸ்திக்குப் போனார். எங்கள் சந்துக்குப் பின்னால், பழைய கிடங்குச் சுவரோரம் ஒரு கோதா இருந்தது. மண்ணைக் கொத்தி, சலித்து, எண்ணெய் விட்டுப் பதப்படுத்திய குஸ்திக் களம் அது. அங்கே எடை பார்த்து ஜோடி சேர்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது. அண்ணனுக்கு வாய்த்தவர்கள் எல்லோரும் பீரோ அளவு ஆட்கள்.

அவர்களை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டால் தண்ணீர் ட்ரம்மைக் காட்டுவார். "இத்த நெஞ்சு குடுத்துத் தள்ளுனா உன் நெஞ்சுதான் போவும். சாச்சு, ஓரத்துல நிக்க வெச்சு உருட்டு. தன்னால வரும். ஆளும் அப்டித்தான்."

பெரிய உடம்பின் எதிரே அவர் நேராக நின்று நான் பார்த்ததில்லை. காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளியின் தாடைக்குக் கீழே மார்பில் தலையைப் புதைத்துவிடுவார். அவருடைய ஒரு மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். "அவனோட ஒரு கைக்கு என்னோட ரெண்டு கையி. அப்ப யார்ரா பெரிய ஆளு?" என்பார். பிறகு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பார். பெரியவர் சுற்றிச் சுற்றித் திரும்பி, தன் எடையைத் தானே சுமந்து மூச்சு வாங்குவார். அந்த எடை மொத்தமும் ஒரு காலுக்கு வருகிற கணத்தில் அண்ணன் அந்தக் குதிகாலை வாருவார். எதிராளி தன் இடுப்பைச் சுற்றிக் கை கோத்துவிடக் கூடாது என்பதில் மட்டும் அவருக்கு எப்போதும் கவனம். கோத்துவிட்டால் தூக்கிவிடுவார். தரையை விட்டுக் கிளம்பிய சின்ன ஆள், அண்ணன் சொல்வது போல, வெறும் சாமான்.

இதெல்லாம் நடக்கும்போது நான் கோதாவின் ஓரத்தில் அண்ணனின் சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்துவேன். "ஐயோ, வலது கால எடுக்கறான். ஐயோ, கை பின்னால போவுது." தொழில்நுட்ப ஆலோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம்; சுத்தமான பீதி. கோதா வாத்தியார் ஒருமுறை பொறுக்க முடியாமல், "இவன மொதல்ல வெளில அனுப்பு. இவன் கத்துற கத்துல ரோட்ல மீன் லாரி நிக்குது" என்றார். அண்ணன், "இருக்கட்டும் வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். தம்பி மேல் பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். துறைமுகத்தில் மேலிருந்து நழுவிய மூட்டை ஒன்று அண்ணனின் பிடரியில் விழுந்தது. பல வாரங்கள் கழுத்தில் பட்டை மாட்டியிருந்தார். அந்த இடத்தில் இன்னொரு அடி பட்டால் கை கால் விளங்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் அண்ணன் கோதாவுக்குப் போவது மண் கொத்திப் போட மட்டும்தான். என் வாழ்க்கையின் நிம்மதியான காலம் அது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் எங்கள் அண்ணி. திருவொற்றியூரில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். கீழே கிடக்கும் எதையும் எடுத்து உதறி மடித்து வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இதைப் படித்துவிட்டு அவர் என்னை அடிக்க வருவார், வரட்டும்.

எங்கள் கோதாவில் ஒரு வழக்கம் உண்டு. யாரோடு வேண்டுமானாலும் மோதத் தயார் என்கிற பயில்வான் தன் துண்டைக் கோதாவின் ஓரத்தில் போட்டுவிட்டு உட்காருவார். அதை எடுப்பவர் அடுத்த ஞாயிறு அவரோடு இறங்க வேண்டும். வீட்டார் எடுத்தாலும் அந்த வீட்டுப் பயில்வான் எடுத்ததாகவே கணக்கு. யாரும் எடுக்காவிட்டால் அவரே எடுத்துக்கொண்டு போய்விடுவார், யாருக்கும் குறைவில்லை.

அண்ணன் மண் கொத்தப் போயிருந்த ஒரு ஞாயிறு, அங்கே துண்டு போட்டிருந்தவர் மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். அவரை எல்லோரும் டேங்கர் என்றே கூப்பிடுவோம். லாரிக்கும் அவருக்கும் சக்கரம் ஒன்றுதான் வித்தியாசம். யாரும் அந்தத் துண்டுப் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருப்பதைச் சொல்ல அண்ணி முதன்முறையாகக் கோதாவுக்கு வந்தார். வந்தவர் குனிந்தார், எடுத்தார், உதறினார், நான்காக மடித்தார்.

"நல்ல துண்டு, மண்ணுல போட்டுகீறாங்க. யாருதுங்க?"

டேங்கர் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார்.

வாத்தியார், "தெரியாம எட்துச்சு. இது கணக்குல சேராது" என்றார். டேங்கரும் நல்ல மனிதர். "குட்துருங்க அண்ணி, நான் பாட்டுக்குப் போயினே இருக்கேன்" என்று கை நீட்டினார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். "பொண்டாட்டி எட்துட்டா, புருசன் வாபஸ் வாங்கிகினான்பா." கூடவே நாலு பேர் சிரித்தார்கள். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் புரியாமல் நின்ற அண்ணியை அண்ணன் பார்த்தார்.

"மடிச்சது அப்டியே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கெயம வர்றேன்."

வீட்டுக்குப் போகும் வழியில் நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணி சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. "நான் வேணா போயி அவரு கால்ல வுழறேங்க" என்று அண்ணி அழுதார். அண்ணன், "நீ அயுக்குத் துண்ட எட்து மடிச்ச. அதுல இன்னா தப்பு? தப்புன்னு நான் எதுக்கு நாலு பேர் முன்னாடி சொல்லணும்?" என்றார்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். திருவொற்றியூர் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். தர்காவில் சர்க்கரை வைத்தேன். ராயபுரத்தில் இருப்பதில் அது ஒரு வசதி; பயந்தவன் நடந்துபோகும் தூரத்தில் எல்லா இடமும் இருக்கிறது. இருந்தும் கண்ணை மூடினால் அண்ணனின் கழுத்துதான் தெரிந்தது.

ஞாயிறு மாலை கோதாவைச் சுற்றி ஒரே கூட்டம். அண்ணி என் பக்கத்தில் நின்றார். மடித்த துண்டு அவர் கையிலேயே இருந்தது. அண்ணன் வழக்கம்போல டேங்கரின் மார்பில் தலையைப் புதைத்து, ஒரு மணிக்கட்டைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். டேங்கருக்கு வேர்த்தது. ஆனால் அவர் அனுபவசாலி. மணிக்கட்டைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் அண்ணனின் முதுகுக்குப் பின்னால் மெல்லக் கொண்டுபோனார். விரல்கள் ஒன்றையொன்று தேடுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் வேண்டாத இடத்திலெல்லாம் கத்தியவனுக்கு, வேண்டிய நேரத்தில் வெறும் காற்று. விரல்கள் கோத்தால் தூக்குவார். தூக்கினால் தலைகீழாகத்தான் போடுவார். அண்ணன் அசையாமல் நின்றிருந்தார், எதற்கோ காத்திருப்பது போல.

அண்ணியும் பயத்தில்தான் இருந்தார். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்திருக்கும். என் மேற்கைச் சதையைப் பிடித்தார். பிடித்தார் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். கிள்ளிய கிள்ளில் என் உயிர் தொண்டை வழியாக வெளியே வந்தது.

அந்த அலறலைக் கேட்ட நொடியில் அண்ணன் இடுப்பைப் பின்னால் தள்ளித் தரையோடு தரையாகத் தாழ்ந்தார். கோக்க வந்த விரல்கள் காற்றைப் பிடித்தன. மணிக்கட்டு மறுபடி அண்ணன் கையில். பக்கவாட்டில் ஒரு இழுப்பு. டேங்கர் ஒரு காலில் நின்றார், சாய்த்த ட்ரம் போல. குதிகால் போனது. அவர் விழுந்தது என் பாதங்களுக்குத் தெரிந்தது. முதுகு மண்ணில் பட்டால்தான் தோல்வி; அவருக்குப் படவில்லை, தோளில் விழுந்து புரண்டு எழுந்தார். அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் அவரால் அண்ணனைத் தரையிலிருந்து பிரிக்க முடியவில்லை. வாத்தியார் சமம் என்று சொல்லி இருவர் கையையும் உயர்த்தினார். டேங்கரின் கையை அவரால் தோள்வரைதான் உயர்த்த முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும், ஜெயித்திருக்கலாமே என்று ஆதங்கப்பட்டேன். அண்ணன், "ஜெயிக்கணும்னு எவன் சொன்னான்? கயுத்தோட வூட்டுக்கு வரணும், அவ்ளோதான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன்டா இன்னிக்கி அவ்ளோ நேரம் கம்முனு இருந்த?" என்று கேட்டார்.

"சத்தமே வரலண்ணா. வந்தாலும் உனக்கு மானக்கேடுதான?"

"லூசு. அவன் நெஞ்சுல தலைய வெச்சினு இருக்கறப்ப எனக்கு இன்னா தெரியும்? மண்ணுதான் தெரியும். நீ கத்தறத வெச்சுதான்டா நான் ஆடறதே."

அந்த நாளிலிருந்து டேங்கர் எங்கள் வீட்டு மனிதராகிவிட்டார். அந்தத் துண்டை அண்ணியே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். பின்னர் நாங்கள் எம்.கே.பி. நகருக்கு, மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடிபோனபோது சாமான்களை ஏற்றியவரும் அவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு அண்ணனுக்கு நெஞ்சில் நோய் வந்தது. மாத்திரை, மருந்து, ஆஸ்பத்திரி என்று நாள் போனது. கடைசி நாட்களில் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் திரும்பாமலே, "யார்ரா வர்றது? எந்தக் கைல ஊசி வெச்சுகீறாங்க?" என்று கேட்பார். நான் சொல்வேன். நடுங்கிக்கொண்டுதான் சொல்வேன். அவர் அந்தப் பக்கத் தோளைத் தளர்த்திக்கொள்வார். பிறகு தன் வீட்டுக்கே வந்து, ஒரு காலை நேரத்தில் அமைதியாகப் போய்விட்டார்.

அந்தத் துயரத்தில் உடன் நின்ற துறைமுகத் தோழர்களுக்கும், ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், கோதா வாத்தியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் மாடிப்படி குறுகலானது. அண்ணனைக் கிடத்தி இறக்கக் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் படித் திருப்பத்தில் திரும்பவில்லை. எல்லோரும் கைபிசைந்து நின்றபோது டேங்கர் முன்னால் வந்தார். அண்ணி உள்ளே போய் அந்தத் துண்டை எடுத்து வந்து, நான்காக மடித்து அவர் முழங்கையில் வைத்தார். "கயுத்து பத்ரங்க" என்றார். டேங்கர் குனிந்து, இரண்டு கைகளாலும் அண்ணனை ஒரு குழந்தையைப் போலத் தூக்கினார்.

"அன்னிக்கி எவ்ளோ இயுத்தும் அசையல. இன்னா இவ்ளோ லேசா கீறாரு" என்றார்.

அவர் முதல் படியில் கால் வைத்ததும் எனக்குப் பழைய பீதி பிடித்துக்கொண்டது. என்னை அறியாமல், "இடது கால், இடது கால் பாத்து" என்று கத்திவிட்டேன். சாவு வீட்டில் இப்படிக் கத்துகிறானே என்று எல்லோரும் திரும்பிப் பார்க்க, நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டேங்கர் நின்றார். "நிறுத்தாத மாமு, சொல்லிகினே வா. குனிஞ்சா அவரு மொகந்தான் தெரியுது. படி தெரில."

மூன்று மாடியும் கத்திக்கொண்டே இறங்கினேன்.