கைராசி டாக்டரும் என் இடது இடுப்பும்

கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் பி.டி. டீச்சர். ஒரு தடவை விசில் ஊதினால் கிரவுண்டில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் நின்ற இடத்தில் நிற்பார்கள். வேன் டிரைவரிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் என் வாய்க்குப் பயந்தவர்கள்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நான் ஒரு டாக்டர் முன்னால் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத்தான் இத்தனை பீடிகை. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

நாற்பத்தாறு வயதில் என் இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போயிற்று. பிள்ளைகளுக்கு ஹைஜம்ப் தாண்டிக் காட்டும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடித்தது, அப்புறம் விடவே இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியவில்லை. தினமும் காலையில் கணவர்தான் தரையில் உட்கார்ந்து கட்டிவிடுவார். கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, "டீச்சர், பேசாம லைப்ரரியைப் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். லைப்ரரியாம்! எனக்குக் கால் வேண்டும். மறுபடியும் அந்தக் கிரவுண்டில் ஓட வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

முதலில் அடையாறில் ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தோம். என்னைவிடச் சின்னவர். வெளியே மூன்றே பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கி நீட்டி, நடக்கவைத்து, எலும்பை அளந்து, முக்கால் மணி நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு காகிதத்தில் படம் போட்டார். ஒரு வழி, தேய்ந்த பந்து மூட்டை வெட்டி எடுத்துவிட்டு முழுசாக வேறு வைப்பது. இன்னொரு வழி, பந்தை வெட்டாமல் செதுக்கி அதன் மேல் ஓர் உலோகத் தொப்பி, அது உட்கார்கிற குழியில் இன்னோர் உலோகக் கிண்ணம். அதற்கு ரீசர்ஃபேசிங் என்று பெயர்.

"ஓடறவங்க ரெண்டாவதைத்தான் கேட்டு வர்றாங்க. ஆனா உங்க எலும்பு ரொம்பச் சின்னது டீச்சர். உங்களை மாதிரி உடல்வாகு இருக்கிற பெண்களுக்கு அது சரியா வர்றதில்லை. உலோகமும் உலோகமும் உரசி, தூள் உள்ளே இறங்கும். நான் அதை உங்களுக்குப் பண்ண மாட்டேன். அதுல எனக்கு அனுபவமும் கம்மி. முழு மாற்று பண்ணிக்கோங்க. நல்லா நடக்கலாம், நீந்தலாம். ஓட்டத்தை மட்டும் விட்டுடுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்னதான் சொல்ல முடியும்? வெளியே வந்ததும் என் கணவர், "அவங்களே அனுபவம் கம்மிங்கறாங்க. பாத்தியா, ஈ ஓட்டிண்டு உக்காந்திருக்காங்க" என்றார். நானும் தலையை ஆட்டினேன். என் காதில் விழுந்தது 'ஓட்டத்தை விட்டுடுங்க' என்பது மட்டும்தான்.

கணவரின் அண்ணன் தி. நகரில் இருக்கிறார். காலையில் பார்க்கில் நடக்கிற ஒரு கோஷ்டியில் அவர் ஒருத்தர். மாமனாருக்குக் காட்ராக்ட் எங்கே பண்ணுவது, எந்த மாவு மில்லில் கல் இல்லை, எல்லாம் அங்கேதான் முடிவாகும். அவர் வீட்டுக்கு வந்து காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, ஹோட்டலுக்குப் போனா கூட்டம் இருக்கான்னு பாத்துதானே உள்ளே போறோம்? மயிலாப்பூர்ல ஒருத்தர் இருக்கார். காலைல டோக்கன் போட்டா சாயந்திரம்தான் முகத்தையே பாக்கலாம். என் வாக்கிங் ஃப்ரெண்ட் சம்சாரத்துக்கு ரெண்டு முட்டியும் அவர்தான். சரியான கைராசிக்காரர்!"

முட்டி. எனக்குப் போயிருந்தது இடுப்பு. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் ஒருத்தருக்குக்கூட அது உறைக்கவில்லை.

மயிலாப்பூரில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது, அடி அசடே! உள்ளே ஆறு நிமிடம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "ரீசர்ஃபேசிங் பண்ணிடலாம். மூணு மாசத்துல கிரவுண்ட்ல ஓடுவீங்க டீச்சர்."

என் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. அடையாறு டாக்டர் சொன்னதை வைத்து நானே எழுதிய கேள்விகள். இதை எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க, அதுல பெண்கள் எத்தனை, உள்ளே வைக்கிறது எந்தக் கம்பெனி, கெட்டுப்போனால் யார் எடுப்பாங்க. பையின் ஜிப்பைத் திறந்தேன். கணவர் மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினார். டாக்டரிடம் கேள்வி கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி, நாளைக்குக் கத்தி அவர் கையில்தானே இருக்கப்போகிறது என்கிற பயம். ஜிப்பை மூடிவிட்டேன்.

ஒன்றுமே கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றதும் என் கணவர் கேட்டார்: "டாக்டர், வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும். அதுக்கு முன்னாடி கத்தி வெச்சுட முடியுமா?"

டாக்டர் இதை ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். போனில் காலண்டரைத் திறந்து, "வியாழன் அஷ்டமி சார். புதன் காலைல பத்துக்குள்ள வெச்சுக்கலாம்" என்றார். இதற்கு மட்டும் மூன்று நிமிடம் ஆனது. நாள் பார்த்தோம், நேரம் பார்த்தோம், திதி பார்த்தோம். என் உடம்புக்குள் சாகும்வரை இருக்கப்போகிற சாமான் என்னவென்று கேட்க ஒரு நாதி இல்லை.

புதன்கிழமை நடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் நன்றாகத்தான் இருந்தது. நாலாவது மாதம் கிரவுண்டை ஒரு சுற்று ஓடினேன். பிள்ளைகள் கையைத் தட்டினார்கள். அன்று காலை ஷூ லேஸை நானே கட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். டாக்டருக்கு ஒரு பெட்டி பால்கோவா கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவரின் அண்ணன் ஆபரேஷனைத் தானே செய்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒன்றரை வருடம் கழித்து வலி திரும்பி வந்தது. அதே தொடை இடுக்கு. மாடிப்படி ஏறும்போது உள்ளே 'க்ளக்' என்று ஒரு சத்தம் வேறு. டாக்டரிடம் போனேன். புது எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு டீச்சர். வயசாகுதில்ல, கொஞ்சம் வெயிட்டைக் குறைங்க" என்றார். அப்புறம் எழுந்து, "ஒரு நிமிஷம் என்கூட வாங்க" என்று பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள், பட்டினப்பாக்கத்தில் மீன் கடை வைத்திருக்கிறவள். அவளுக்கும் இடுப்புதான். ஆபரேஷன் என்றதும் பயந்து போயிருந்தாள்.

"இவங்க ஸ்கூல்ல பி.டி. டீச்சர். இதே ஆபரேஷன்தான். டீச்சர், கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றார் டாக்டர்.

நடந்தேன். சுவருக்குச் சுவர், நெஞ்சை நிமிர்த்தி, பரேடில் நடக்கிற மாதிரி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஊசி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை விந்தாமல் வைத்தேன். போதாது என்று உட்கார்ந்து எழுந்தும் காட்டினேன்.

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். "டீச்சரம்மா, நெசமா சொல்லு. வலி இல்லியா?"

"கொஞ்சம்கூட இல்லை" என்றேன்.

டாக்டர் குழந்தை மாதிரி சிரித்தார். வெளியே வரும்போது அவள் என் கையைப் பிடித்து, "வஞ்சிரம் வேணும்னா நம்ம கடைக்கு வா டீச்சர், மார்க்கெட்ல மொத வரிசைல கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஆட்டோவில் ஏறி உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன்.

அப்புறம் ஒரு வருடம் என்னை அலைக்கழித்தார் அந்தக் கைராசிக்காரர். முதலில் தசைப்பிடிப்பு என்றார். அப்புறம் மெனோபாஸ் என்றார். கடைசியில், "டீச்சர், இது மனசுல இருக்கிற வலி" என்று மெதுவாகச் சொன்னார். மனசிலாம்! தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது, இது என்ன மனசு இறங்கி வந்து உட்கார்ந்திருக்கிறதா? அன்றைக்கே கணவரிடம்கூடச் சொல்லாமல் தனியாக அடையாறுக்குப் போனேன்.

அந்த டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். 'அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளே வைத்த பாகத்தின் பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கும், கம்பெனி, அளவு, நம்பர் எல்லாம் அதில் இருக்கும், அதை கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள், நகல் வாங்கி வாருங்கள் என்றார்.

மயிலாப்பூரில் ரெக்கார்டு ரூமில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபைலு மேல கீது மேடம். டாக்டர் கையெழுத்து இல்லாம தர மாட்டாங்கோ. இன்னாத்துக்கு இப்ப அது?"

"என் உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமாய்யா?" என்று கத்தினேன். கிரவுண்டில் கத்துகிற குரல். டோக்கனோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வரிசையைத் தாண்டி நேரே டாக்டர் அறைக்குள் போனேன்.

"டீச்சர், நீங்களா இப்படிப் பேசறது?" என்றார் அவர்.

"நான் எப்பவும் இப்படித்தான் டாக்டர் பேசுவேன். உங்ககிட்டதான் பேசாம இருந்து தொலைச்சேன். ஒண்ணு சொல்லுங்க. எனக்கு முன்னாடி எத்தனை இடுப்புக்கு இதைப் பண்ணினீங்க?"

அவர் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டார். "முட்டி நிறையப் பண்ணியிருக்கேன்" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ரத்தப் பரிசோதனையில், உள்ளே வைத்த உலோகம் உரசி இறங்கிய கோபால்ட்டும் குரோமியமும் இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தன. ஸ்கேனில் மூட்டைச் சுற்றி நீர் கோத்து, தசை கெட்டுப் போயிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு மாற்று வைக்க வேண்டும், போன தசை வராது, கைத்தடி தேவைப்படலாம், ஓட்டம் கிடையவே கிடையாது என்றார் அடையாறு டாக்டர். இந்தத் தடவை காகிதத்தை வெளியே எடுத்து வரிசையாகக் கேட்டேன். இந்த மாதிரி திருத்தி வைக்கிற ஆபரேஷன் நான் அதிகம் செய்ததில்லை, அதில் கைதேர்ந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வேன் என்றார் டாக்டர். என் கணவர், "செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாமே" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "மயிலாப்பூர்ல இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க வேற யாரையாவது தெரியுமா? வலி இல்லேன்னாலும் ரத்தம் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

ஒரே ஒருத்தியைத் தெரியும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பட்டினப்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

முதல் வரிசை, கடைசிக் கடை. மற்ற பெண்கள் தாழ்வான பலகையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இவள் மட்டும் இரண்டு பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா டீச்சரம்மா! வழி தெர்ஞ்சுதா? காலு எப்டி கீது, ஓடிக்கினு கீறியா?"

"உனக்கு எப்படி இருக்கு?"

பக்கத்துக் கடையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத்த ஏன் கேக்குற. ஆறு மாசமா வலிதான். டாக்டராண்ட போனா நல்லா கீதுன்றாரு. யார்கிட்டயும் சொல்றதில்ல டீச்சர். அதே கை, அதே ஆபரேசன், ஒனக்கு எவ்ளோ சொகமா ஆயிட்ச்சு. அவ்ரு கைராசில ஒரு கொறையும் இல்ல. என் ஒடம்புதான் ராசி கெட்ட ஒடம்பு. அப்டின்னு வாய மூடிக்கினு கெடக்கறேன்."

அவள் பக்கத்தில் நெருங்கிப் போனேன்.

"உன் உடம்புல ஒரு குறையும் இல்லை. உடனே ரத்தம் குடுத்துப் பாக்கணும், நானே உன்னை அடையாறுக்குக் கூட்டிண்டு போறேன். எனக்கும் வலிதான். அன்னிக்கே இருந்தது" என்றேன்.

"என்னிக்கி?"

"உனக்கு நடந்து காட்டினேனே, அன்னிக்கு."

செதில் சுரண்டுகிற கத்தியைக் கீழே வைத்தாள். "நான் கேட்டனே டீச்சர். வலி இல்லியான்னு ஒம் மூஞ்சியப் பாத்துக் கேட்டனே."

"கேட்டே."

"அப்ப இன்னாத்துக்கு இல்லன்னு சொன்ன?"

"டாக்டர் முகம் வாடிடக் கூடாதுன்னு" என்றேன்.